டேபிள் சாவுக்குத் தனியாக மைட்டர் கேஜ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பத்து அங்குல டேபிள் சா, அலுமினிய மேசை. படச் சட்டம், எண்கோண டீப்பாய், எப்போதாவது ஜன்னல் கதவு என்று வேலை வருகிறது. மரத்தைக் கோணம் வைத்துத் தள்ள ரம்பத்தோடு கொடுத்த மைட்டர் கேஜ், மேசையில் அது ஓடும் பள்ளமான காடியில் ஆடுகிறது. 45 டிகிரி வைத்து வெட்டிய சட்டம் மூலையில் சேருவதில்லை. இன்க்ரா, கிரெக், பெயர் தெரியாத சீனச் சரக்கு எனப் பலவும் கண்ணில் படுகின்றன. எதை வாங்கலாம்?

பதில்:

தம்பி, பெயர்களுக்குப் பிறகு வருகிறேன். காசை வெளியே எடுக்கும் முன் ரம்பத்தைக் கொஞ்சம் பாருங்கள். கேஜ் மேல் பழி போடும் பலருடைய பட்டறையில் பிளேடுதான் கோணலாக நிற்கிறது.

மரம் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதைக் காடி தீர்மானிக்கிறது. பிளேடு அந்தக் காடிக்கு இணையாக இல்லாவிட்டால், முன்பக்கப் பல் வெட்டிய முகத்தைப் பின்பக்கப் பல் மறுபடியும் உரசும். மரம் கருகும், வெட்டு சொரசொரப்பாகும், துண்டு, அதை அணைத்து நிறுத்தும் ஃபென்ஸ் வழியே பக்கவாட்டில் நழுவும். நழுவிய துண்டில் கோணம் எப்படி நிற்கும்? சோதிப்பது எளிது. மின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளம் போட்டு அதை முன்பக்கம் கொண்டுவாருங்கள். காம்பினேஷன் ஸ்கொயரின் தலையைக் காடியின் பக்கச் சுவரில் அணைத்து, அதன் ஸ்கேல் முனை அந்தப் பல்லை லேசாகத் தொடும்படி பூட்டுங்கள். பிறகு அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி, ஸ்கொயரையும் பின்னே நகர்த்திப் பாருங்கள். வேறு பல்லை வைத்துப் பார்த்தால் பிளேடின் நெளிவையும் சேர்த்து அளந்து குழம்புவீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைவிட அதிகமென்றால் பிளேடைத் தாங்கும் பாகத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்குவது முதல் வேலை. அப்படியே மூலைமட்டத்தை வைத்துப் பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது சாய்ந்திருந்தால் சட்டத்தின் மேல்முகம் சேர்ந்தும் அடிமுகம் பிளந்தும் நிற்கும். அதற்கும் கேஜுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து காடி. வெளியில் விற்கும் கேஜ்களில் பெரும்பாலானவை அமெரிக்க அளவில் செய்யப்பட்டவை: அகலம் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீக்கு ஒரு மயிரிழை மேல். ஆழம் மூன்றெட்டு அங்குலம், சுமார் 9.5 மி.மீ. உங்களுடையதைப் போன்ற சிறிய ரம்பங்கள் எல்லாம் இந்த அளவை மதிப்பதில்லை. வெர்னியரால் காடியின் அகலத்தை முன், நடு, பின் என மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வார்ப்பு அலுமினிய மேசையில் மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஆழத்தையும் அளவெடுங்கள். காடியின் அடி அகன்று தலைகீழ் டி வடிவில் இருக்கிறதா, அல்லது மேல்விளிம்பில் இடைவிட்டு நாக்குகள் நீட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். காடிக்குள் ஓடும் கேஜின் பட்டைக்கு அடியில் வட்டமான வாஷர் இருந்தால், கேஜை முன்னால் இழுக்கும்போது பட்டையின் மேல் கோணத்துக்குத் திரும்பும் தலை கவிழாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். உங்கள் மேசையில் பிளேடுக்கு முன்னால் இருக்கும் இடம் குறைவு. அகலமான பலகை வைத்தால் கேஜின் தலை மேசைக்கு வெளியே தொங்கும். ஆகையால் இந்த வாஷர் உங்களுக்கு அலங்காரம் அல்ல. காடி எளிய சதுர வாய்க்கால் என்றால் வாஷரைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட முடியும்.

உள்ளூரில் இரும்புச் சட்டத்தில் மோட்டார் பூட்டிச் செய்து கொடுக்கும் ரம்ப மேசைகளுக்கு இந்தக் கதையெல்லாம் பொருந்தாது. அவற்றில் காடி இருந்தாலும் செய்தவர் கையில் அகப்பட்ட அளவில் இருக்கும். அப்படிப்பட்ட மேசை வைத்திருப்பவர்கள் கேஜின் தலையை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, பட்டையை இரும்பு ஃபிளாட்டில் தாங்களே அரம் போட்டுத் தேய்த்துக்கொள்வது நல்லது.

இனி ஆட்டம். பட்டை காடியில் 0.2 மி.மீ ஆடுகிறது என்று வையுங்கள். 450 மி.மீ நீளப் பட்டை முழுவதும் காடிக்குள் இருந்தால் கோணத்தில் வரும் பிழை 0.03 டிகிரிக்கும் குறைவு. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வெட்டு தொடங்கும்போது பட்டையில் 150 மி.மீ மட்டும் காடிக்குள் இருந்தால் அதே ஆட்டம் மும்மடங்காகிறது. 300 மி.மீ அகலப் பலகையில் அது 0.4 மி.மீ கோணலாகத் தெரியும். சிறிய ரம்பக்காரர்கள் நீளமான பட்டையைத் தேடுவது இதனால்தான். நல்ல கேஜ்களில் பட்டையின் பக்கங்களை அகலப்படுத்த வழி இருக்கும். சிலவற்றில் விரியும் வட்டுகள், சிலவற்றில் நைலான் திருகுகள். ஆட்டம் போகும்வரை திருக வேண்டும், இறுக்கமாக இழுக்கும் அளவுக்குத் திருகக் கூடாது. காடியின் அகலம் இடத்துக்கு இடம் மாறினால், மிகக் குறுகலான இடத்துக்குத்தான் சரிசெய்ய முடியும். மிச்சமிருக்கும் ஆட்டத்துக்குக் கைப்பழக்கம்தான் மருந்து: தள்ளும்போது எப்போதும் ஒரே பக்கச் சுவரில் பட்டையை அணைத்துத் தள்ளுங்கள்.

இப்போதுள்ள கேஜையே இந்த வகையில் கொஞ்சம் தேற்றலாம். இரும்புப் பட்டை என்றால் அதன் பக்கத்தில் சென்டர் பஞ்சால் நாலைந்து இடங்களில் தட்டினால், குழியைச் சுற்றி உலோகம் சற்று மேலெழும்பி ஆட்டத்தை அடைக்கும். அதிகமாக எழும்பினால் அரத்தால் தேய்த்துவிடலாம். அலுமினிய மேசையில் இந்த மேடுகள் காடியின் சுவரைக் காலப்போக்கில் கீறும் என்பதால் உங்களுக்கு இதைத் தற்காலிக வழியாக மட்டும் சொல்கிறேன்.

விளம்பரங்கள் டிகிரி நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பெரிதாகப் பேசும். நிறுத்தம் என்பது குறிப்பிட்ட கோணத்தில் ஒரு வெட்டுக்குள் முள் போய் விழுந்து நிற்பது. அது வேண்டியதுதான். ஆனால் உங்கள் வேலைக்கு வேண்டிய கோணங்கள் எத்தனை? படச் சட்டத்துக்கு 45. எண்கோணத்துக்கு 22.5. அறுகோணம் யாராவது கேட்டால் 30. நேர்வெட்டுக்குச் சுழி (0). இந்த நான்கும் துல்லியமாக விழுந்தால் மிச்சம் உங்களுக்கு அலங்காரம். மலிவுச் சரக்கில் நிறுத்தங்கள் நிறைய இருந்தும், முள் விழுந்த பிறகு தலை லேசாக அசையும். பூட்டுக் கைப்பிடியை இறுக்கும்போது இன்னும் கொஞ்சம் திரும்பும். நேரில் பார்க்கும் வாய்ப்பு நாகர்கோவிலிலோ திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ கிடைத்தால், கேஜை 45இல் பூட்டி, ஃபென்ஸின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நுனி அசைந்தால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்த அசைவு எவ்வளவு கெடுதல் செய்யும் என்று கணக்குப் போட்டால் புரியும். ஒரு சட்டத்தில் நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிசகினால், மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்த பிறகு நான்காவதில் மொத்தம் 4 டிகிரி வந்து நிற்கும். 50 மி.மீ அகலச் சட்டத்தில் அது ஏறக்குறைய 5 மி.மீ வாய். பிழை 0.1 டிகிரியாகக் குறைந்தால் அந்த வாய் 1 மி.மீ. அதையும் கண் பார்க்கும். எண்கோணத்தில் பதினாறு வெட்டு என்பதால் நிலைமை இன்னும் மோசம். எனவே படச் சட்டங்களுக்கு 0.1 டிகிரி என்பதே போதாத அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை யாரும் பேசுவதில்லை: நீளம். கோணம் அத்தனையும் சரியாக இருந்து, எதிரெதிர்ச் சட்டங்களில் ஒன்று மற்றதைவிட ஒரு மி.மீ நீண்டிருந்தால் மூலை சேராது. நீங்கள் பென்சில் கோடு போட்டுக் கண்ணால் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தால், 45 வரவில்லை என்று கேஜைத் திட்டுவதில் பாதி நீளத்தைத் திட்ட வேண்டியது. மரத்தின் முனை வந்து முட்டி நிற்க ஃபென்ஸில் ஒரு முட்டுக்கட்டை வேண்டும். தூக்கி மடக்கும் வகை முட்டு என்றால், முதல் முனையை வெட்டும்போது மடக்கி வைத்துவிட்டு, இரண்டாவது முனைக்கு இறக்கிக்கொள்ளலாம். வெளியில் வாங்கும் கேஜில் என் கண்ணுக்குக் காசு பெறும் பாகம் இதுதான். நீளமான ஃபென்ஸ், ஆடாத முட்டு. 600 மி.மீ நீளச் சட்டத்தைக் கையளவு ஃபென்ஸில் சாய்த்து வெட்டுவது, இடுப்பளவு சுவரில் ஏணியைச் சாய்ப்பது போல.

ஜன்னல் கதவுக்கும் இதே முட்டுதான் கை கொடுக்கும். அங்கே 45க்கு வேலையே இல்லை, ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து மற்றதன் துளையில் இறங்கும் மூட்டுதான். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பராமரிப்பில் நிற்கும் அந்த மரக் கட்டடத்தின் முன் நின்றால் மைட்டர் கேஜ் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். அது கிடக்கட்டும். கழுந்தின் தோள்கள் நான்கு முகத்திலும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்றால், கேஜ் மிகச் சரியான நேர்வெட்டில் இருக்க வேண்டும். முட்டு அசையாமல் நிற்க வேண்டும். பாறசாலைப் பக்கம் ஜன்னல் வேலை எடுத்தால் இந்த இரண்டும் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். படச் சட்டத்துக்கு மைட்டர் கேஜ் சிறந்த கருவி அல்ல. பிளைவுட்டில் ஒரு ஸ்லெட், அதாவது மரத்தை ஏற்றிக் காடியில் சறுக்கித் தள்ளும் பலகை, செய்துகொள்ளுங்கள். அடிப்பலகைக்குக் கீழே இரண்டு காடியிலும் ஓடும் இரண்டு பட்டைகள். மேலே ஒன்றுக்கொன்று மிகச் சரியாக 90 டிகிரியில் பொருத்திய இரண்டு ஃபென்ஸ்கள், பிளேடு அவற்றின் நடுவே போகும்படி. ஒரு சட்டத்தை இடது ஃபென்ஸிலும், அதோடு சேர வேண்டியதை வலது ஃபென்ஸிலும் வைத்து வெட்டுங்கள். மொத்த அமைப்பும் சற்றுத் திரும்பி, ஒரு பக்கம் 45.2 ஆகவும் மறுபக்கம் 44.8 ஆகவும் இருந்தால்கூட, கூட்டினால் 90. மூலை சேர்ந்துவிடும். கேஜ் ஒவ்வொரு முறையும் 45ஐத் தொட வேண்டும். ஸ்லெட்டுக்கு ஒரே ஒரு 90 சரியாக இருந்தால் போதும், அதை நல்ல மூலைமட்டத்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் வகையாகப் பாருங்கள். பிளைவுட் ஆலைகள் நிறைந்த பெரும்பாவூர் பக்கத்துக் கேரளத்தில்தான் இருக்கிறது, தட்டுப்பாடு இராது. சாதாரண வகை நம் ஊர் மழையில் வளைந்து ஸ்லெட்டைக் கெடுத்துவிடும். அகலமான பலகைகளை நேர்வெட்டாக வெட்டவும் தனி ஸ்லெட்தான் நல்லது. கேஜின் தலை மேசைக்கு வெளியே தொங்கும் தொல்லை அதில் குறைவு.

அப்படியானால் கேஜ் எதற்கு? எண்கோண டீப்பாய்க்கும், கழுந்துத் தோளுக்கும், தினமும் வரும் சில்லறை நேர்வெட்டுகளுக்கும். இந்தக் கண்ணோட்டத்தோடு பெயர்களைப் பார்ப்போம்.

இன்க்ரா வி27 என்பதில் 27 நிறுத்தங்கள்: இரு பக்கமும் 60 வரை ஐந்தைந்து டிகிரியாகவும், கூடவே இரு பக்கமும் 22.5உம். உங்களுக்கு வேண்டியவை எல்லாம் அதில் அடக்கம். பட்டையை அகலப்படுத்தும் ஏற்பாடும் உண்டு. நீண்ட ஃபென்ஸ் அதோடு வராது. தலையில் ஒரு மரச் சட்டத்தைத் திருகிக்கொள்ள வேண்டும். அதே நிறுவனத்தின் 1000எச்டி ஒவ்வொரு டிகிரிக்கும் நிறுத்தம், நீளும் ஃபென்ஸ், மடங்கும் முட்டு எல்லாம் உடையது. வேலை அழகு, விலை கனம். கிரெக் கேஜில் நிறுத்தங்கள் குறைவு: 0, 10, 22.5, 30, 45. ஆனால் 24 அங்குல ஃபென்ஸும் மடங்கும் முட்டும் சேர்ந்தே வருகின்றன. இடைப்பட்ட கோணங்களுக்கு வெர்னியர் அளவுகோல் இருக்கிறது. ஆஸ்போர்ன் ஈபி-3 வேறு சிந்தனை: ஃபென்ஸைப் பின்னாலிருந்து ஒரு சாய்வுக் கை முக்கோணமாகத் தாங்கும், அதனால் நுனி அசைவது குறைவு. மேசை சிறியதாக இருப்பவருக்கு அது கொஞ்சம் இடத்தை அடைக்கும்.

என் தீர்ப்பு: உங்கள் காடி 19 மி.மீ என்றால் வி27, அதோடு நீங்களே செய்த மர ஃபென்ஸும் முட்டும், படச் சட்டத்துக்கு ஸ்லெட். மர வேலைக்காரர் அலுமினிய ஃபென்ஸுக்குப் பணம் கொடுப்பது எனக்கு எப்போதும் விந்தையாகப் படும். ஒரே அளவில் நிறையத் துண்டுகள் வெட்டும் ஆர்டர் வரத் தொடங்கினால் கிரெக்கின் ஃபென்ஸும் முட்டும் காசுக்குத் தகும். காடி வேறு அளவு என்றால் இவை எதுவும் வேண்டாம். பட்டையை மாற்றிக்கொள்ளவோ தேய்த்துக்கொள்ளவோ முடிகிற மலிவு கேஜை வாங்கி அதில் உழையுங்கள். சீனச் சரக்கை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. அதில் நல்லதும் வருகிறது. எது வரும் என்பதைப் பெட்டியைத் திறக்கும்வரை அறிய வழியில்லை. திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். வந்ததும் நேர்வெட்டைச் சரிசெய்துவிட்டு, அடுத்து 45இலும் 22.5இலும் வெட்டிப் பாருங்கள். சுழி சரியாக இருந்து மற்றவை பிசகினால் நிறுத்தங்களை வெட்டியதே தவறு. அதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது.

நேர்வெட்டைச் சரிபார்க்க மூலைமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஐந்து வெட்டுச் சோதனை செய்யுங்கள். ஏறக்குறைய 300 மி.மீ சதுரப் பிளைவுட் துண்டை எடுத்து ஒரு பக்கத்தை வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை ஃபென்ஸில் அணைத்து அடுத்த பக்கத்தை வெட்டுங்கள். ஒரே திசையில் சுற்றிச் சுற்றி நான்கு பக்கமும் முடிந்ததும், முதல் பக்கத்தை மறுபடியும் வெட்டி 25 மி.மீ அகலத்தில் ஒரு துண்டைக் கழித்தெடுங்கள். அந்தத் துண்டின் இரு முனைகளிலும் அகலத்தை வெர்னியரால் அளவெடுங்கள். பிழை நான்கு மடங்காகச் சேர்ந்து அதில் தெரியும். இரு முனைக்கும் வித்தியாசம் 0.3 மி.மீ என்றால், நான்கால் வகுத்து ஒரு வெட்டுக்கு 0.075 மி.மீ. 300 மி.மீ நீளத்தில் அது 0.014 டிகிரி; அதோடு நிறுத்திக்கொண்டு தேநீர் குடிக்கப் போகலாம். ஒரு மி.மீ வந்தால் தலையைத் தளர்த்தித் திருத்தி, புதிய துண்டில் மறுபடியும் செய்யுங்கள்.

ஃபென்ஸின் முகத்தில் 120ஆம் எண் உப்புத்தாளை ஒட்டிவிட்டால் சாய்வெட்டில் மரம் நழுவுவது பெரும்பாலும் நின்றுவிடும். 24 பல் பிளேடு நீளவாக்கில் கிழிப்பதற்கு. மைட்டர் வெட்டுக்கு 60 பல்லுக்குக் குறையாமல் போடுங்கள். பிளேடைச் சாய்த்து வெட்டும்போது அது சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காடியில் கேஜை ஓட்டுங்கள். அலுமினிய ஃபென்ஸ் என்றால், கோணம் மாற்றிய ஒவ்வொரு முறையும் அதன் நுனி பிளேடுக்கு எட்டாமல் இருக்கிறதா என்று மின் இணைப்பு இல்லாத நிலையில் தள்ளிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சலுகை கிடையாது. நீளத்துக்கு முட்டாக ரிப் ஃபென்ஸை (நீளவாக்கில் கிழிக்கும்போது மரத்தை அணைக்கும், பிளேடுக்கு இணையான சட்டத்தை) பயன்படுத்திக்கொண்டு மைட்டர் கேஜால் தள்ளாதீர்கள். வெட்டிய துண்டு பிளேடுக்கும் ரிப் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கித் திரும்பி, உங்கள் வயிற்றை நோக்கி வரும். ரிப் ஃபென்ஸை அளவுக்குப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், பிளேடுக்கு வெகு முன்னால் அதில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு, மரம் பிளேடைத் தொடும் முன்பே கட்டையை விட்டு விலகிவிடும்படி வையுங்கள். கைலியும் தோள்துண்டும் ரம்பத்தின் பக்கத்தில் வேண்டாம். கையுறையும் வேண்டாம்.

எல்லாம் சரியாக வெட்டி ஒட்டிக் கொடுத்த சட்டமும் சில மாதங்களில் மூலை பிளந்து திரும்பி வரலாம். அப்போது கேஜைக் கழற்றாதீர்கள். பிளவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கினால் மூலை உள்பக்கம் திறக்கும். ஈரம் குடித்து விரிந்தால் வெளிப்பக்கம் திறக்கும். ஆனி, ஆடி மழையில் அறுத்த அயனியையோ ரப்பர் மரத்தையோ ஆறவிடாமல் சட்டம் போட்டால் பங்குனி வெயிலில் உள்பக்கம் வாய் பிளந்தே தீரும். இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. பலகையைப் பட்டறைக்குள் அடுக்கி வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு தொடுவதைத் தவிர வழியில்லை.

அதே ஈரம் கேஜின் இரும்புப் பட்டையையும் விடாது. மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் பட்டையைத் துடைத்து, பேஸ்ட் மெழுகை மெல்லப் பூசி, காடிக்குள்ளும் கொஞ்சம் தடவிவிடுங்கள். சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். அது மரத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு பாலிஷ் பிடிக்காமல் புள்ளி புள்ளியாக விலகும். காடியின் அளவுகளை எடுத்ததும் எழுதுங்கள், எந்தப் பட்டை பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.